பம்பைக் கடைசியாகத் திற

கனகு,

நலமா என்று விசாரிக்கிற வரியை உன் அம்மா எழுதிக்கொள்வாள். அதற்குக் கீழே இடம் விட்டிருக்கிறேன். எனக்கு இப்போது அதற்குப் பொறுமை இல்லை. பினாங்குக் கப்பல் இன்று சாயங்காலம் தஞ்சோங் பகார் துறையிலிருந்து கிளம்புகிறது. இந்தக் கடிதம் அதில் வருகிறது. நீ யாரைப் பற்றிக் கேட்டு எழுதினாயோ அந்த நடேசனும் அதே கப்பலில்தான் திரும்பி வருகிறார். ஞாயிற்றுக்கிழமை உன் பள்ளிக்கூட விடுதிக்கு உன்னைப் பார்க்க வருவார். சரி என்றோ வேண்டாம் என்றோ நீ அன்றைக்கே சொல்லியாக வேண்டும். அதற்கு முன்னால் இது உன் கைக்கு வந்து சேர வேண்டும். மில்லில் மிளகாய் மூட்டை மேல் பலகை போட்டு எழுதுகிறேன். எழுத்து ஆடினால் என் வயசைக் குறை சொல்லாதே, ஆடுவது இஞ்சின். நடுவில் விட்டுவிட்டு எழுந்து போவேன், வருவேன். அதன் சத்தத்தில் இன்றைக்கு எனக்கு நம்பிக்கை வரவில்லை, இஞ்சினைப் போய்ப் பார்க்க வேண்டும்.

“நேரில் பார்த்து உள்ளது உள்ளபடி எழுதுங்கள் அப்பா, நான் சொல்லும்வரை வெற்றிலை மாற்றிவிடாதீர்கள்” என்று எழுதியிருந்தாய். என்னிடம் உள்ளது உள்ளபடி கேட்ட முதல் ஆள் நீதான். மற்றவர்கள் எல்லோரும் “விளையாடாம சொல்லு” என்றுதான் ஆரம்பிப்பார்கள். உன் கடிதம் வந்த கையோடு நடேசனின் தாய்மாமனும் ஆள் அனுப்பிவிட்டார். அவர் ரோடு போடுகிற கூலிகளை வேலை வாங்குகிற மண்டோர். நல்ல வளர்த்தி. வாயைத் திறந்தால் கல்லும் தாரும் சேர்ந்து வரும். நடேசனுக்குத் தகப்பன் இல்லை, சின்னதிலிருந்து சோறு போட்டு வளர்த்தது இந்த மாமன்தான். அவர் வீட்டுக்கு வந்தால் தாம்பூலத் தட்டோடு வருவார். தட்டைக் கண்டால் உன் அம்மா கை தானாக நீளும். நீண்டால் பேச்சு முடிந்தது, நீ பினாங்கில் உட்கார்ந்து சம்மதம் யோசித்துப் பயனில்லை. அதனால், “வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறோம், மில்லுக்கு வாங்க” என்று சொல்லி அனுப்பினேன். சுண்ணாம்பு அடிக்கவில்லை. ஆனாலும் வெற்றிலையைத் தள்ளிவைக்கச் சுண்ணாம்பைவிடப் பொருத்தமான பொய் எது, நீயே சொல். மிளகாய்த்தூளுக்கு நடுவில் நின்று தும்மிக்கொண்டே தாம்பூலம் மாற்றியவர்கள் சிராங்கூன் ரோட்டில் இதுவரை யாரும் இல்லை.

இன்னொரு ஏற்பாடும் பண்ணினேன். பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணைப் பாடச் சொல்கிறார்கள், நடந்து காட்டச் சொல்கிறார்கள். மாப்பிள்ளையை யாரும் ஒன்றும் செய்யச் சொல்வதில்லை. பலகாரம் தின்றுவிட்டு நல்லவன் என்று பெயர் வாங்கிக்கொண்டு போய்விடுகிறான். நடேசன் பினாங்கு துறைமுகத்தில் லாஞ்சுப் படகு இஞ்சின் ஓட்டுகிறவர். நான் மாவு மில் இஞ்சின் ஓட்டுகிறவன். அப்படியிருக்க என் இஞ்சினையே கேள்வித்தாளாக வைத்தால் என்ன என்று தோன்றியது. பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மா நீ, இதைத் தப்பு என்று சொல்ல மாட்டாய்.

உனக்குத்தான் இந்த இஞ்சின் தெரியுமே. தலையை ஊதுவிளக்கில் சூடாக்கினால்தான் கிளம்பும், அதனால் இது முழு டீசல் இல்லை, அரை டீசல் என்று கொண்டுவந்து பூட்டிய வெள்ளைக்காரர் சொன்னார். “அரைக்கிற டீசல்தானே, அரை டீசல் சரிதான்” என்றேன். அவருக்குப் புரியவில்லை. நீ மட்டும் சிரித்தாய், அப்போது உனக்கு முன்பல் இல்லை. அந்த வருஷம்தான் உன் பள்ளிக்கூடத்து மிஸ்ஸி அம்மாள் ரிக்‌ஷா எடுத்துக்கொண்டு நம் வீட்டு வாசலில் வந்து இறங்கினாள். உன் அப்பா தினமும் பாம்புக்கு எண்ணெய் ஊற்றுகிறாராமே, வீட்டில் பாம்பு வளர்க்கிறீர்களா என்று கேட்டாள். பம்பு என்று சொல்ல வராமல் நீ பாம்பாக்கிவிட்டிருந்தாய். நான் பேசாமல் இருந்திருக்கலாம். “ஆமாம், ஆனா ஒரு மாசமா சீறவே மாட்டேங்குது, அதான் கவலை” என்றேன். மிஸ்ஸி அம்மாள் ரிக்‌ஷாவைத் திருப்பிவிட்டாள். உன் அம்மா அன்றைக்கு ராத்திரி எனக்கு ரசம் மட்டும் ஊற்றினாள்.

பம்பைப் பற்றி நான் உனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான், அதைக் கடைசியாகத் திற. இஞ்சின் நின்றதும் எல்லோருக்கும் கை அங்கேதான் போகும். எண்ணெயை அளந்து, அழுத்தி, மூக்கு வழியாகத் தலைக்குள் பீய்ச்சுவது அதுதான், அதனால் பழியும் அதன் மேல்தான் விழும். எனக்கும் அப்படித்தான் கை போனது. தீபாவளிக்கு முந்தின வாரம், கடைக்காரர்கள் வாசலில் நிற்கும்போது, இஞ்சின் இருமி இருமி நின்றது. வேறொன்றையும் பார்க்காமல் பம்பைப் பிரித்தேன். உள்ளே இருக்கிற வால்வுக் குண்டு, மிளகு அளவுதான் இருக்கும், குதித்துப் போய் மிளகுக் குவியலுக்குள்ளேயே விழுந்தது. மிளகில் மிளகு தேடினோம். நீயும் உன் அம்மாவும் முறத்தில் புடைக்க, நான் ஒவ்வொன்றாகக் கடித்துப் பார்க்க, ஊரெல்லாம் வெடி வெடித்தபோது நம் மில்லில் தும்மல் வெடித்தது. குண்டு கிடைத்து மாட்டின பிறகும் இஞ்சின் ஓடவில்லை. கோளாறு பம்பிலேயே இல்லை, எண்ணெயில் தண்ணீர் கலந்திருந்தது. அன்றிலிருந்து தொட்டியில் தொடங்கி, பைப்பைப் பார்த்து, நட்டுகளைத் தடவி, ஒன்றும் இல்லை என்றால்தான் பம்புக்கு வருவேன்.

கொஞ்சம் இரு. போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

ஒன்றுமில்லை, டிராம் போன அதிர்வு. எங்கே விட்டேன்? முந்தாநாள் அவர்கள் வாசலில் வரும்போதே நான் ஸ்பேனரை எடுத்து, தொட்டியிலிருந்து பம்புக்குப் போகிற பைப்பின் நட்டைக் கொஞ்சமாகத் தளர்த்திவிட்டேன். பம்பு மேலே இருக்கிறது, தொட்டி கீழே செங்கல் மேடையில். பம்பு எண்ணெயை உறிஞ்சி எடுக்க வேண்டும். நட்டு தளர்ந்தால் எண்ணெயோடு காற்றையும் சேர்த்து உறிஞ்சும். காற்றைக் குடித்து எந்த இஞ்சின் ஓடும்? மண்டோர் தட்டோடுதான் வந்தார். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், எல்லாம் கச்சிதம். எங்கே வைப்பது என்று சுற்றிலும் பார்த்தார். தரையில் வைக்கக் கூடாது, மூட்டையெல்லாம் காரம். கடைசியில் எண்ணெய்த் தொட்டியின் மேல் வைத்தார். அதன் மூடி நெளிந்து ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருக்கும், உனக்கு ஞாபகம் இருக்கும். வைத்துவிட்டு, “சம்பந்தி” என்று அவர் ஆரம்பிப்பதற்கும் இஞ்சின் விக்கி நிற்பதற்கும் சரியாக இருந்தது.

“அடடா, நீங்க வந்த நேரம்” என்று கையைப் பிசைந்தேன். நான் நன்றாகத்தான் பிசைந்தேன். நடேசன் சட்டைக் கையை மடித்தார். பம்பைக் கையால் அடித்துப் பார்த்தார். அது கையை எதிர்த்துத் தள்ளாமல் பஞ்சு மாதிரி அமுங்கியது. மூக்குப் பக்கத்து நட்டை அவிழ்த்தார், நுரையோடு எண்ணெய் வந்தது.

“காத்து புகுந்திருக்கு” என்றார்.

“நெனச்சேன்” என்றார் மண்டோர். “இந்தப் பக்கம் மாட்டுக் கொட்டகை, அந்தப் பக்கம் புளியமரம். புகாம என்ன செய்யும்? வேப்பிலை இருக்கா சம்பந்தி?”

“அந்தக் காத்து இல்ல மாமா. பைப்புக்குள்ள போற காத்து.”

“எங்க புகுந்தா என்னடா, காத்து காத்துதான்.”

நடேசன் பைப்பை விரலால் தடவிக்கொண்டே வந்து நான் தளர்த்திய நட்டில் நின்றார். குனிந்து பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “புதுக் கீறல் ஐயா. யாரோ இப்பத்தான் தொட்டிருக்காங்க.”

“எலியா இருக்கும் தம்பி. மாவு மில்லுல எலி ஜாஸ்தி.”

“ஸ்பேனர் பிடிக்கிற எலியா?”

“தேக்கா மார்க்கெட்டு எலி, எல்லாம் பிடிக்கும்.”

அவர் சிரிக்கவில்லை, ஆனால் வாயின் ஒரு ஓரம் மட்டும் மேலே போனது. நட்டை இறுக்கி, காற்றை வெளியேற்றி, தலையைச் சூடாக்கிக் கிளப்பினார். இஞ்சின் நன்றாக ஓடியது. தொட்டி மேலிருந்த தட்டு கிடுகிடு என்று ஆட, மண்டோர் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கேள்வித்தாளுக்கு முழு மார்க் போட்டுவிட்டு நான் காப்பி வாங்கிவர ஆள் அனுப்பினேன். காப்பி வருவதற்குள் இஞ்சின் மறுபடியும் நின்றது.

“ஐயா, போதும்” என்றார் நடேசன்.

“இந்தத் தடவை நான் இல்ல தம்பி.”

“அப்ப முதல் தடவை நீங்கதான்.”

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். ஆனால் கனகு, சத்தியமாக இரண்டாவது நான் இல்லை. கொஞ்ச நேரம் விட்டுக் கிளப்பினால் ஓடும், ஓடிக்கொண்டே இருந்து சத்தம் மெலிந்து செத்துவிடும். மறுபடி விட்டால் மறுபடி ஓடும். நான் என்ன சொன்னாலும் மாமனும் மருமகனும் என் கையைத்தான் பார்க்கிறார்கள், எந்த நட்டைத் திருகுகிறேன் என்று. வாழ்நாள் முழுக்க விளையாடியவன் ஒருநாள் நிஜம் பேசினால் அதை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. மல்லித்தூள் கடைகளுக்குப் போக வேண்டிய நாள் வேறு. எனக்குப் பதற்றம் வந்துவிட்டது. ஸ்பேனரை எடுத்துப் பம்பின் மேல் வைத்தேன். ஆமாம், நான்தான், கடைசியாகத் திற என்று உனக்குச் சொல்லிக்கொடுத்த நான். நடேசன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அழுத்தவில்லை, ஆனால் விடவும் இல்லை.

“பம்பு கெட்டிருந்தா ஓய்வு கொடுத்தாலும் கெட்டதுதான் ஐயா. இது ஓய்வு கொடுத்தா சரியாகுது. ஏதோ ஒண்ணு வந்து அடைக்குது, இழுப்பு நின்னதும் விலகிப் போகுது. பம்புல இல்ல, அதுக்கு முன்னாடி இருக்கு.”

இதை உன் வாழ்க்கைக்கும் எடுத்து வைத்துக்கொள், யாரைக் கட்டிக்கொண்டாலும் சரி. தூங்கி எழுந்தால் போய்விடுகிற சண்டை அதே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால் ஆளைப் பிரித்துப் பார்க்காதே. தொட்டியில் ஏதோ மிதக்கிறது, அதைத் தேடு. எனக்கும் உன் அம்மாவுக்கும் ரொம்ப நாள் அப்படி ஒரு சண்டை இருந்தது. நான் அவள் குணம், அவள் பிறந்த வீடு என்று பம்பு பம்பாகப் பிரித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால், பத்துப் பேர் நடுவில் அவள் தமிழை நான் கிண்டல் பண்ணிய ஒரு வார்த்தை. அவ்வளவுதான்.

நடேசன் தொட்டியின் மூடியைத் தள்ளிவிட்டு முழங்கைவரை கையை விட்டார். கொஞ்ச நேரம் துழாவினார். கை எதிலோ பட்டு நின்றது. கையை வெளியே எடுத்தபோது விரல்கள் மூடியிருந்தன. மண்டோர் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, மூடிய கையைச் சட்டைப் பையில் விட்டு வெறும் கையாக எடுத்தார். நான் பக்கவாட்டில் நின்றேன். பையின் விளிம்பில் காம்பு தெரிந்தது, பச்சை. வெற்றிலை. தட்டு ஆடியபோது நெளிந்த மூடி வழியாக நழுவி உள்ளே போயிருக்கிறது. குழாய் வாய் இழுக்கும்போது போய் ஒட்டிக்கொள்ளும், இழுப்பு நின்றால் மிதந்து விலகும். நீ மாற்றக் கூடாது என்றாய், நானும் மாற்றவில்லை. இஞ்சின் மாற்றிக்கொண்டுவிட்டது.

“என்னடா அது?” என்று கேட்டார் மண்டோர்.

“அழுக்கு மாமா. வெறும் அழுக்கு.”

மண்டோருக்கு அது போதாதா? “ஏன் சம்பந்தி, சோறு போடுற இஞ்சினாச்சே, தொட்டியைக் கழுவக்கூடவா நேரமில்ல? அப்பன் மில்லு இப்படி இருந்தா பொண்ணு குடித்தனம் பண்ற வீடு எப்படி இருக்கும்?” என்றார். உன்னையும் சேர்த்துச் சொன்னார், கனகு. நடேசன் குனிந்து கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. வெள்ளைச் சட்டையில் அந்தப் பை ஈரமாகி, எண்ணெய் கீழே பரவிக்கொண்டே இருந்தது. எனக்கு நாக்கு நுனியில் பதில் நின்றது, நல்ல பதில், சிராங்கூன் ரோடே ஒரு மாசம் சொல்லிச் சிரித்திருக்கும். விழுங்கிவிட்டேன். தாம்பூல வெற்றிலை இஞ்சின் எண்ணெயில் மூழ்கியது என்று தெரிந்தால் மண்டோர் அபசகுனம் என்று அந்த இடத்திலேயே எழுந்து போயிருப்பார். அப்புறம் சரியும் வேண்டாமும் சொல்ல உனக்கு என்ன மிஞ்சும்? அவர்கள் தட்டோடு வந்தார்கள், தட்டோடு போனார்கள். வாசல்வரை போன நடேசன் மட்டும், மாமன் வாசலிலேயே நிற்க, திரும்பி வந்து, என் காதுக்குக் கேட்கிற மாதிரி, “தொட்டி சுத்தமாத்தான் இருக்கு ஐயா. மூடியை மட்டும் மாத்திருங்க” என்றார். நான் பார்த்தது அவருக்குத் தெரியாது.

மூடி சரியில்லை என்றவர்தான் மூடி மறைத்தவர். இதுதான் என்னை உட்கார விடாமல் பண்ணுகிறது. உன் அம்மாவிடம் சொன்னேன். “வளர்த்தவரு முகத்தைக் காப்பாத்தினான். அது தப்பா?” என்றாள்.

“அதுக்கு என் முகத்துலயா பூசணும்?”

“உங்க முகத்துல நீங்களே பூசிக்கிட்டது போக மிச்சம் எங்க இருக்கு?”

அவள் சொல்வதும் சரிதான். ஆனால் இஞ்சின்காரன் புத்தியில் யோசித்துப் பார். கண்டுபிடித்த கோளாறை மாற்றிச் சொன்னால் அடுத்து வருகிறவன் எதை நம்பி ஓட்டுவான்? நாளைக்கு அவர் வீட்டில் ஏதோ ஒன்று நின்றுபோகும். மாமன் ஒரு பக்கம், நீ ஒரு பக்கம். அப்போதும் “வெறும் அழுக்கு” என்று சொல்லிவிட்டுக் குனிந்து கை துடைத்துக்கொண்டிருந்தால், அந்த அழுக்கு யார் பேரில் விழும்? இன்னொரு பக்கம், கோபமே இல்லாமல், எதையும் அடித்து உடைக்காமல், என் மணிக்கட்டை நோகாமல் பிடித்து நிறுத்திய கையும் அதுதான். விழுந்த இலையை ஊருக்கெல்லாம் தூக்கிக் காட்டிச் சிரிக்காத கை. நானாக இருந்தால் தூக்கிக் காட்டியிருப்பேன். என்னைக் கட்டிக்கொண்டு உன் அம்மா பட்டபாடு உனக்குத் தெரியும்.

இரண்டு நாளாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பிரித்துப் பார்க்கிறேன், முடிவு வரவில்லை. நல்லவர் என்று எழுதினால் பாதி பொய், வேண்டாம் என்று எழுதினாலும் பாதி பொய். ஒன்று மட்டும் தெரிகிறது. அவர் என்னிடம் சொன்னது மாமன் காது கேட்கிற தூரத்தில் சொன்னது. உன்னிடம் தனியாக என்ன சொல்வார் என்பது எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள என்னிடம் ஸ்பேனரும் இல்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை அவர் வந்து உட்கார்ந்ததும், விடுதி அம்மாள் கொஞ்சம் தள்ளிப் போனதும், நீ கேள்: “எங்கப்பா தொட்டியில என்ன இருந்துச்சு?” நான் எழுதியது தெரிந்த மாதிரி சிரித்துவிடாதே. அவர் யோசித்தால் யோசிக்கவிடு. மாமன் பேர் வருகிற பதில் அவர் வாயிலிருந்து சீக்கிரம் வராது. வந்த பிறகு அதை வைத்து உன் முடிவைச் சொல். மண்டோருக்கு என்ன பதில், நான் ஏன் இப்படி எழுதினேன், இதையெல்லாம் அந்த நேரத்தில் நினைக்காதே. நீ வேண்டாம் என்றால் மண்டோரிடம் போய்ச் சொல்வது என் வேலை. அங்கே நான் நாக்கை விழுங்க மாட்டேன்.

அவர் என்ன சொன்னார் என்று தெரிந்துகொள்ள எனக்கு எவ்வளவு துடிக்கும் என்று உனக்குத் தெரியும். அடுத்த கப்பல் வரும்வரை நான் உன் அம்மாவை நிம்மதியாக இருக்க விட மாட்டேன். இருந்தாலும் அதை எனக்கு எழுதாதே, கனகு. சரி என்றோ வேண்டாம் என்றோ ஒரு வார்த்தை மட்டும் எழுது. அவர் சொன்னது அழுக்கோ வெற்றிலையோ, அது உன்னிடம் சொன்னது.

எண்ணெய்க் கையோடு,
உன் அப்பா